ரேஸ் பைக்கை ரோட்டுக்குக் கொண்டுவரும் என்ஜினியர் ஆக வேண்டுமாம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகன் பிளஸ் 2 படிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்றால் காதில் வாங்குவதில்லை. ரேஸ் பைக்கை ரோட்டில் ஓட்டும்படி மாற்றுகிற என்ஜினியர் ஆகப்போகிறேன் என்கிறான். இப்படி ஒரு வேலை உண்டா? எங்கே படிக்க வேண்டும்? வெறும் பைக் மோகம் என்று விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. இப்படி ஒரு வேலை உண்டு. ஆனால் தம்பி மனதில் வைத்திருக்கும் படமும் அங்கே நடக்கிற வேலையும் ஒன்றா என்று முதலில் பார்த்துவிடுவோம். கல்லூரி, கோர்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

2015-ல் ஹோண்டா ஆர்சி213வி-எஸ் என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டோஜிபி பந்தயத்தில் ஓடிய ஆர்சி213வி-யையே நம்பர் பிளேட் மாட்டி ஓட்டும்படி மாற்றிய வண்டி அது. 999 சிசி வி4 என்ஜின், அதாவது நான்கு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்தது. ஐரோப்பாவில் விலை 1,88,000 யூரோ. அதில் எதை மாற்றினார்கள் என்று பாருங்கள். பந்தய என்ஜினில் காற்றும் புகையும் போய்வரும் வழியான வால்வை மூடுவது அழுத்தம் ஏற்றிய வாயு. ரோடு வண்டியில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். வாயு சிறிது சிறிதாகக் கசியும், பந்தயக் குழுவில் மெக்கானிக் ஒருவர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாங்கியவர் ஒரு மாதம் ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், அழுத்தம் இறங்கிய வால்வு பிஸ்டனில் இடிக்கும். கியர் மாறும்போது சக்தி அறுபடாத சீம்லெஸ் கியர்பாக்ஸும் போனது. அதை அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டும். கார்பன் பிரேக் டிஸ்க் நன்றாகச் சூடேறிய பிறகே பிடிக்கும், சிக்னலில் நின்று கிளம்புகிறவருக்கு ஆபத்து என்பதால் ஸ்டீல் டிஸ்க் வந்தது. ஹேண்டில்பார் திரும்பும் கோணத்தை 15 டிகிரியிலிருந்து 26 ஆக்கினார்கள்; இல்லையென்றால் தெருமுனையில் வண்டியைத் திருப்ப முடியாது. செல்ஃப் மோட்டார், சைடு ஸ்டாண்டு, விளக்கு, கண்ணாடி எல்லாம் புதிதாகச் சேர்ந்தன.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. அதே வண்டி ஐரோப்பாவில் 159 பிஎஸ், அமெரிக்காவில் 101 எச்பி, ஜப்பானில் 70 பிஎஸ் சக்தியோடு விற்கப்பட்டது (பிஎஸ், எச்பி இரண்டும் குதிரைத்திறன் அளவுகள், கிட்டத்தட்ட சமம்). சத்தம், புகை பற்றிய ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்கும் ஏற்ப வைத்த அளவுகள் இவை. டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கான தனிக் கிட் போட்டால் 215 பிஎஸ்-க்கு மேல் போகும். வேகத்தைக் கூட்டுவதற்குச் சமமாக, எங்கே எவ்வளவு குறைப்பது, எதை எவ்வளவு நாள் தாங்கவைப்பது என்பதும் இந்த என்ஜினியரின் வேலை. இந்த இடத்தில் தம்பியின் முகம் வாடுகிறதா, கண் விரிகிறதா என்று கவனியுங்கள். விரிந்தால் அவனுக்கு இது மோகம் மட்டும் இல்லை.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு கணக்கு கொடுக்கலாம். ஸ்ப்ளெண்டர் என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 49.5 மி.மீ. ஆர்சி213வி-எஸ்-இல் அது 48.5 மி.மீ, கிட்டத்தட்ட ஒன்றுதான். பால்காரர் ஓட்டும் அந்த ஸ்ப்ளெண்டர் 8,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில், உச்ச சக்தி தருகிறது. ஹோண்டா கிட் போட்ட நிலையில் 13,000-க்குப் போகிறது. பதினொன்றாம் வகுப்பில் படித்த தனிச்சீரிசை இயக்கத்தில் பெரும முடுக்கம் என்பது வீச்சு பெருக்கல் கோணத் திசைவேகத்தின் வர்க்கம். ஸ்ட்ரோக்கில் பாதியை வீச்சாக வைத்துக் கணக்குப் போட்டால் ஸ்ப்ளெண்டர் பிஸ்டனுக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல சுமார் 1,770 மடங்கு, ஹோண்டாவுக்குச் சுமார் 4,580 மடங்கு வரும். இரண்டரை மடங்குக்கு மேல். பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளத்தையும் சேர்த்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இது இன்னும் கூடும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காவது ஏன், பிஸ்டனில் ஒவ்வொரு கிராமையும் ஏன் செதுக்குகிறார்கள், வால்வு ஸ்பிரிங், வால்வைத் தள்ளித் திறக்கும் கேமைப் பின்தொடர முடியாமல் ஏன் மிதக்கிறது என்ற கேள்விகளுக்கு அவனே போகிறானா பாருங்கள். "இதெல்லாம் எதுக்கு, நான் பைக்கைத்தானே டிசைன் பண்ணப்போறேன்" என்று எழுந்து போனால், மெக்கானிக்கல் படிப்பின் மூன்றாம் செமஸ்டரிலேயே தடுமாறுவான். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வேலை எங்கெங்கே பிரிகிறது என்று சொல்கிறேன். ஒன்று வெப்பமும் ஆயுளும். டுகாட்டி பனிகாலே வி4-இல் பின்பக்க இரண்டு சிலிண்டர்கள் ஓட்டுபவரின் தொடைக்குக் கீழே இருக்கின்றன. வண்டி நிற்கும்போது என்ஜின் சூடாக இருந்தால் அந்த இரண்டுக்கும் பெட்ரோலை நிறுத்திவிடுகிறார்கள். அதே வண்டியில் வால்வு இடைவெளியைப் பார்க்கும் சர்வீஸ் 24,000 கி.மீ-க்கு ஒருமுறை, பந்தய என்ஜினை அதில் சிறு பகுதி ஓடியதுமே பிரித்துவிடுவார்கள். அந்த 24,000 கி.மீ-யை எட்ட எத்தனை மணி நேரம் டைனோவில் (என்ஜினை நிறுத்திவைத்து ஓட்டி அளக்கும் டைனமோமீட்டர் கருவியில்) ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். இன்னொன்று ஃபிரேம். 2020 மாடலில் டுகாட்டி ஃபிரேமின் பக்கவாட்டு விறைப்பை வேண்டுமென்றே குறைத்தது. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது சாலையின் குலுக்கல் பக்கவாட்டில் வருவதால் சஸ்பென்ஷனால் அதை முழுதாக வாங்க முடியாது. ஃபிரேம் கொஞ்சம் நெளிய வேண்டும்.

மூன்றாவது கேலிப்ரேஷன். இந்தியாவில் அதிக வாய்ப்பு உள்ள இடம் இதுதான். இன்றைய விலை உயர்ந்த பைக்குகளில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால், என்ஜினுக்குக் காற்று விடும் திராட்டிலைக் கேபிள் நேராகத் திறப்பதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ கணக்குப் போட்டுத் திறக்கிறது. எந்தக் கியரில், எந்தச் சாய்வில், எவ்வளவு டார்க் (சுழற்று விசை) என்ற அட்டவணைகளை நிரப்பிச் சரிபார்ப்பவர் கேலிப்ரேஷன் என்ஜினியர். மேட்லேப், சிமுலிங்க், இன்கா ஆகிய மென்பொருள்கள், வண்டியின் மின்னணுப் பாகங்கள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் இணைப்பு இவற்றோடுதான் அவர் நாள் போகும். கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொன்ன உங்கள் ஆசையும் பாதி இங்கே நிறைவேறுகிறது. நான்காவது ஹோமோலகேஷன், சட்டச் சான்றிதழ் வாங்கும் வேலை. ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி, புனேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி மையங்கள் இந்தச் சோதனைகள் நடக்கும் இடங்கள். இது கவர்ச்சி குறைந்த வேலை. ஆனால் இதைக் கற்றவரை எந்த வாகன நிறுவனமும் எளிதில் விடாது.

இந்தியாவில் லிட்டர் கிளாஸ் (சுமார் 1,000 சிசி) சூப்பர் பைக்கை முழுதாக வடிவமைக்கும் வேலை மிகக் குறைவு. ஓசூர் டிவிஎஸ் 2020-ல் பிரிட்டனின் நார்டனை வாங்கிய பிறகு ஒரு கதவு திறந்திருக்கிறது. பழைய நிர்வாகம் விற்ற நார்டன் வி4எஸ்எஸ் வண்டிகளில் 35 குறைபாடுகள் இருப்பதாகப் புதிய நிர்வாகம் கண்டறிந்து, ஓட்ட வேண்டாம் என்று 2021-ல் உரிமையாளர்களிடம் சொன்னது. பிறகு அதே வடிவத்தைத் திருத்தி வி4எஸ்வி வந்தது. இந்தத் திருத்தும் வேலைக்குத்தான் ஆள் தேவை. இதே ஓசூரில்தான் பிஎம்டபிள்யூ ஜி310 ஆரும் அப்பாச்சி ஆர்ஆர்310-ம் தயாராகி வந்திருக்கின்றன. தம்பியின் முதல் வேலை 300 சிசி வண்டியிலோ ஸ்கூட்டரிலோ மின்சார வண்டியிலோதான் இருக்கும் என்று இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். வெப்பம், அதிர்வு, கன்ட்ரோல் பற்றிய கல்வி எல்லாவற்றுக்கும் பொதுவானது, வீணாகாது.

படிப்புக்கு வருவோம். இளநிலையில் மெக்கானிக்கலை முதலில் வையுங்கள், ஆட்டோமொபைலை இரண்டாவதாக. மெக்கானிக்கல் படித்தவர் ஆட்டோமொபைல் வேலைக்குப் போகலாம். மறுதிசையில் சில இடங்களில் கதவு குறுகும். குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக் போன்ற நல்ல துறை கிடைத்தால் ஆட்டோமொபைலைத் தயங்காமல் எடுக்கலாம். டிஎன்இஏ என்ற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. பைக் கனவுக்கான முதல் பெட்ரோல் அதுதான். ஜேஇஇ எழுதுகிறான் என்றால் ஐஐடி மெட்ராஸின் என்ஜினியரிங் டிசைன் துறையைப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். கையால் வேலை செய்யத் தெரிந்த பிள்ளைகள் அந்த வழியில் நன்றாகவே வருகிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வாசலில் நிறுத்திய பளபளப்பான பைக்கைப் பார்க்காதீர்கள். என்ஜின் டைனமோமீட்டர் ஓடுகிறதா, லாக் புத்தகத்தில் கடைசித் தேதி என்ன, மாணவர்களே வண்டி கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத், பாஹா போட்டிகளில் மாணவர் அணி போட்டியை முடித்ததா என்று கேளுங்கள். பதிவு செய்ததை எல்லோரும் சொல்வார்கள். முடித்ததைச் சொல்வது சிலர்தான். அணியில் சேர்ந்தால் தம்பி ஒரே ஒரு பாகத்தை, கூலிங்கோ வயரிங்கோ, இரண்டு வருடம் பிடித்துக்கொள்ளட்டும். இன்டர்வியூவில் "எது உடைந்தது, ஏன் உடைந்தது, அடுத்து என்ன மாற்றினாய்" என்றுதான் கேட்பார்கள்.

மூன்று மாத "சூப்பர் பைக் டிசைன்" சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். சைலன்சரை மாற்றி, இசியூவில் வேறு அட்டவணையை (மேப்) ஏற்றித்தருவதை ஆராய்ச்சி என்று சொல்லும் கடைகளிலும் இன்டர்ன்ஷிப் வேண்டாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டை எடுத்த பிறகு ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் பழக்கம், பின்னால் அவன் உழைக்க வேண்டிய வேலைக்கு நேர்எதிர்.

முதுநிலைக்கு இத்தாலியின் முனர் திட்டத்தைக் குறித்து வையுங்கள். பொலோனியா, மொடெனா, பார்மா, ஃபெராரா பகுதிப் பல்கலைக்கழகங்களும் டுகாட்டி உள்ளிட்ட நிறுவனங்களும் சேர்ந்து நடத்துவது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, ஆங்கிலத்தில் பாடம். அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, உதவித்தொகையும் உண்டு. வருமானச் சான்று, சொத்து விவரம் ஆகியவற்றை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே தொடங்க வேண்டும்.

விபத்து பயத்தையும் கேட்டிருந்தீர்கள் போலத்தான் தெரிகிறது, எழுதாவிட்டாலும். இந்த வேலைக்கு வேகமாக ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. அதற்கென்று டெஸ்ட் ரைடர்கள் இருக்கிறார்கள். 18 வயதும் லைசென்ஸும் ஆனபின் 125 சிசி வண்டி போதும். டிராக்கில் ஓட்ட ஆசைப்பட்டால் இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சியாளரோடு, முழு உடுப்போடு ஓட்டட்டும். ஈசிஆர் வேண்டாம்.