எண்ணா, முழுப்பெயரா? தரநிலைக் கட்டுரைகளுக்குத் தலைப்பு வைப்பது

தமிழ் விக்கிப்பீடியாவில் ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரநிலை பற்றி எழுதுகிறேன். வெறும் எண் யாருக்கும் புரியாது, முழுப்பெயரையே வை என்கிறார் நண்பர். எது சரி? (வாசகர், சேலம்)

எண்ணையே வையுங்கள். 2004 பதிப்பு வரை 'தரவு உறுப்புகளும் பரிமாற்ற வடிவங்களும்' என்ற பொருளில் தொடங்கிய அதன் பெயர், 2019இல் 'தேதியும் நேரமும்' என்று தொடங்கும்படி மாறிவிட்டது. 8601 மட்டும் 1988 முதல் அப்படியே இருக்கிறது. முழுப்பெயருக்கு இடமும் போதாது. விக்கித் தலைப்பின் உச்சவரம்பு 255 பைட். தமிழில் ஒரு யூனிகோடு குறிக்கு 3 பைட் போவதால் 85 குறிகள்தான் கொள்ளும். 'க்' என்பதே புள்ளியோடு சேர்த்து இரண்டு குறி. தேதியையும் நேரத்தையும் எழுதும் முறைக்கான தரநிலை இது என்பதைக் கட்டுரையின் முதல் வாக்கியம் சொல்லட்டும்.

ஆண்டைச் சேர்க்காதீர்கள். 'ஐஎஸ்ஓ 9001:2015' என்று வைத்தால் அடுத்த பதிப்பு வந்ததும் தலைப்பு பழசாகிவிடும். எண்ணே மாறுவதும் உண்டு: ஐஎஸ்ஓவும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியும் சேர்ந்து வெளியிட்ட தகவல் பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17799, 2007இல் 27002 ஆனது. அப்போது கட்டுரையைப் புதிய எண்ணுக்கு நகர்த்தி, பழையதை வழிமாற்றாக, அதாவது தேடுபவரைப் புதிய தலைப்புக்குத் தானாகக் கொண்டுபோகும் பக்கமாக, விடுங்கள். பழைய எண்ணுக்கு வந்துகொண்டிருந்த வழிமாற்றுகளையும் உடனே திருத்துங்கள். மென்பொருள் ஒரு வழிமாற்றைத்தான் தாண்டும். இரண்டாவதில் வாசகர் நின்றுவிடுவார்.

வைஃபை, 802.11 இரண்டுக்கும் ஒரே கட்டுரை போதாதா? (வாசகி, மதுரை)

போதாது. ஐஇஇஇ 802.11 என்பது ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின் கம்பியில்லா வலையமைப்புத் தரநிலை, 1997இல் முதலில் வெளிவந்தது. வைஃபை என்பது வைஃபை அலையன்ஸ் என்ற நிறுவனக் கூட்டமைப்பின் வணிகக்குறி. தலைப்பில் '802.11' மட்டும் நின்றால் அது யாருடைய எண் என்று தெரியாது. ஐஇஇஇ முன்னால் வரவேண்டும்.

ஏ4 தாள் வேறு மாதிரி. அதைத் தேடுபவருக்கு ஐஎஸ்ஓ 216 என்ற எண் தெரிந்திருக்காது. அந்தத் தரநிலையிலோ பி வரிசை அளவுகளும் இருக்கின்றன. எனவே 'ஏ4' என்பதை அக்கட்டுரையின் ஏ வரிசைப் பகுதிக்கு வழிமாற்றுங்கள். ஐஎஸ்ஓ, ஐ.எஸ்.ஓ., ஐஎசுஓ என்று பல விதமாகத் தட்டுவார்கள். பகுப்பில் (ஒரே வகைக் கட்டுரைகளின் தொகுப்பில்) எந்த வடிவம் ஏற்கெனவே அதிகமோ அதைத் தலைப்பாக்கி, மற்றவற்றை வழிமாற்றுங்கள்.

இந்தியக் குடிநீர்த் தரநிலைக்கு ரோமன் எழுத்தில் ஐஎஸ், முக்காற்புள்ளி, 10500 என்று இணைப்புக் கொடுத்தேன். வரியிலிருந்தே காணாமல் போய்விட்டது. ஏன்? (வாசகர், கோவை)

அந்த இரண்டு ரோமன் எழுத்துகள் ஐஸ்லாந்து மொழி விக்கிப்பீடியாவின் முன்னொட்டு. அவற்றை அடுத்து முக்காற்புள்ளி வந்ததும், மென்பொருள் அதைப் பிறமொழி இணைப்பாக எடுத்துக்கொண்டு மொழிப்பட்டியலுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வடிவில் வழிமாற்றுகூட உருவாக்க முடியாது. முக்காற்புள்ளியை நீக்கி இடைவெளி விட்டால் சரியாகும். ஐஎஸ்ஓ/ஐஇசி-யில் வரும் சாய்கோடு கட்டுரைத் தலைப்பைப் பாதிக்காது. பேச்சுப் பக்கம் மட்டும் 'பேச்சு:ஐஎஸ்ஓ'வின் துணைப்பக்கமாகத் தோன்றலாம், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.