டெபாசிட் லிமிட், செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் எல்லாம் வெறும் கண்துடைப்பா?

கேள்வி இது: ஆன்லைன் கேசினோவில் கணக்கு திறக்கும்போதே டெபாசிட் லிமிட் (கணக்கில் போடும் பணத்துக்கு வரம்பு), டைம் அவுட் (கொஞ்ச நாள் இடைவெளி), செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் (தன்னைத் தானே நீண்ட காலத்துக்கு விலக்கிக்கொள்வது) என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். இதெல்லாம் நிஜமாகவே ஆளைக் காப்பாற்றுமா, சட்டத்துக்காக வைத்த கண்துடைப்பா? பாதுகாப்பாக ஆட வேறு என்ன கவனிக்க வேண்டும்?

உரிமம் பெற்ற ஒரு கேசினோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். சாட்டில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உதவும். ஆனால் எல்லாம் ஒரே அளவுக்கு உதவாது. ஒரு வசதி எவ்வளவு உறுதியானது என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போட்ட பூட்டைத் திரும்பத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம் என்றால் அது பூட்டே கிடையாது.

டெபாசிட் லிமிட்டைக் கூட்டித் தரச் சொல்லி சாட்டுக்கு வருகிறவர்கள், ஜெயித்துக்கொண்டிருக்கும்போது வருவது அபூர்வம். விட்டதைப் பிடிக்கத்தான் வருவார்கள், அதுவும் நள்ளிரவுக்கு மேல். முதல் மெசேஜ் ரொம்பப் பணிவாக இருக்கும். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் "என் பணம்தானே?" என்று வரும். அப்புறம் "இந்த ஒரு தடவை மட்டும்". அப்புறம் வசவு. மறுநாள் அதே கணக்கைப் பார்த்தால், கேட்டவர் அந்த உயர்வை உறுதி செய்யாமலே விட்டிருப்பார். இப்படி நிறையப் பேர். பிரிட்டன் விதிப்படி லிமிட்டைக் குறைத்தால் உடனே அமலாக வேண்டும். கூட்டினால் 24 மணி நேரம் கழித்து, ஆடுகிறவர் மறுபடி வந்து "ஆமாம், வேண்டும்" என்று சொன்னால்தான் அமலாகும். அந்த இரண்டாவது "ஆமாம்" தான் முக்கியம். பகலில் தூங்கி எழுந்தவரிடம் அதைக் கேட்கிறார்கள் இல்லையா? ஜெர்மனியில் இந்தக் காத்திருப்பு 7 நாள்.

எனவே லிமிட் வைக்க வேண்டிய நேரம் முதல் டெபாசிட்டுக்கு முன்னால். தோற்றுக்கொண்டிருக்கும்போது யாரும் லிமிட் வைப்பதில்லை. தொகையைப் பொறுத்தவரை, திரையில் முன்கூட்டியே காட்டும் எண்களை விட்டுவிட்டு நீங்களே ஒன்றைத் தட்டச்சு செய்யுங்கள். அது முழுக்கத் தொலைந்தாலும் அந்த மாதம் வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போட வேண்டி வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மாத லிமிட் மட்டும் போதாது, நாள் லிமிட்டும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் தேதி இரவே மாதம் முடிந்துவிடும்.

டெபாசிட் லிமிட்டில் பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் பணத்தை மட்டும்தான் அது எண்ணும். ஜெயித்துக் கணக்கில் கிடக்கும் பணத்தை விடிய விடிய ஆடித் தொலைத்தாலும் லிமிட் கண்ணில் அது படாது. அதற்கு, தோற்கும் தொகைக்கு வரம்பு வைக்கும் லாஸ் லிமிட் என்று தனியாக இருக்கும், இரண்டையும் வையுங்கள். இன்னொன்று, ஒரு தளத்தில் வைத்த லிமிட் அந்தத் தளத்துக்கு மட்டும்தான். ஐந்து தளங்களில் கணக்கு இருந்தால் ஐந்து லிமிட். ஜெர்மனியில் எல்லா உரிமம் பெற்ற தளங்களுக்கும் சேர்த்து மாதம் 1,000 யூரோ என்று பொது உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் உங்கள் கையில் இருக்கும் பொது வரம்பு.

ரியாலிட்டி செக் பற்றியும் கேட்பீர்கள். "நீங்கள் ஒரு மணி நேரமாக ஆடுகிறீர்கள்" என்று திரையில் எட்டிப் பார்க்குமே, அதுதான். கட்டைவிரல் பழகிப்போய் படிக்காமலே தள்ளிவிடும். இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

டைம் அவுட் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு நாளிலிருந்து சில வாரங்கள் வரை கணக்கை மூடி வைக்கலாம். ஜெர்மன் தளங்களில் ஒரே அழுத்தில் 24 மணி நேரம் வெளியே தள்ளும் பொத்தான் இருந்தாக வேண்டும் என்பதே சட்டம். எனக்குப் பிடித்த விதி அது. விட்டதைப் பிடிக்கும் வெறி பெரும்பாலும் ஒரு இரவுதான் நிற்கும்; அந்த ஒரு இரவைத் தாண்ட வைக்கிறது.

செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் கொஞ்சம் தீவிரமானது. ஒரு தளத்தில் மட்டும் செய்தால் அடுத்த தளம் திறந்தே இருக்கும். அதனால் நாடு முழுவதற்குமான பதிவேடு உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் கேம்ஸ்டாப்: 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம், இடையில் மனம் மாறினாலும் எடுக்க முடியாது. 2020-லிருந்து அங்கே உரிமம் வைத்திருக்கும் எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அதில் சேர்ந்தாக வேண்டும். ஸ்வீடனில் 2019-லிருந்து ஸ்பெல்பவுஸ், ஜெர்மனியில் ஓயாசிஸ். இவையெல்லாம் இலவசம். ஆனால் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களை இவற்றில் எதுவும் தடுக்காது. அது மட்டுமில்லை, "கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோ" என்றே விளம்பரம் செய்து, தன்னைத் தானே விலக்கிக்கொண்டவர்களைக் குறிவைக்கும் தளங்கள் இருக்கின்றன. அந்த வரியைப் பார்த்தாலே விலகிவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் கேசினோவின் கையில் இல்லாத பூட்டுகள் தேவைப்படுகின்றன. முதலாவது, வங்கி. அட்டை மூலம் பணம் வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வகை எண் உண்டு, சூதாட்டத்துக்கு 7995. வங்கி செயலியில் சூதாட்டத் தடையை இயக்கினால் அந்த எண்ணில் வரும் பரிவர்த்தனையை வங்கியே நிராகரிக்கும். நல்ல வங்கிகளில் இந்தத் தடையை நீக்கக் கேட்டால் உடனே நீக்க மாட்டார்கள். 48 மணி நேரம் காக்க வைப்பவர்களும் உண்டு. கிரிப்டோ வழியாகவோ, வேறு கடை என்று பொய் எண் போட்டுக்கொண்டோ வாங்கும் தளம் இதில் நழுவிவிடும். அப்படி வாங்குகிற தளம் எப்படிப்பட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, தடுப்பு மென்பொருள். கேம்பேன், பெட்பிளாக்கர் இரண்டும் பரவலாகப் பயன்படுபவை, பெட்பிளாக்கர் இலவசம். மொபைல், கணினி எல்லாவற்றிலும் போட வேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் கை தேடும். மூன்றாவது, கடன் அட்டையை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது. பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து சூதாட்டத்துக்குக் கடன் அட்டை செல்லாது. உங்கள் நாட்டில் செல்லும் என்றால் அட்டை விவரத்தைத் தளத்தில் சேமித்து வைக்காதீர்கள்.

சரி, இதெல்லாம் எதற்கு இவ்வளவு முன்கூட்டியே? கணக்கைப் பார்த்தால் புரியும். ஸ்லாட் என்பது பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் ஆட்டம்; ஆர்டிபி என்பது கட்டிய பந்தயத்தில் சராசரியாக ஆடுகிறவர்களுக்குத் திரும்பும் பங்கு. "இந்த ஸ்லாட்டின் ஆர்டிபி 96 சதவீதம்" என்றால் 100 போட்டால் 96 திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 4 சதவீதம் நீங்கள் போட்ட டெபாசிட்டில் பிடிப்பதில்லை, சுழற்றும் ஒவ்வொரு பந்தயத்திலும் பிடிப்பது. பிரிட்டனில் 2021-லிருந்து ஒரு ஸ்லாட் சுற்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் குறைந்தது 2.5 வினாடி இருக்க வேண்டும், தானாகச் சுற்றும் ஆட்டோபிளேயும் கூடாது. அந்த நிதானமான வேகத்திலேயே ஒரு மணி நேரத்தில் 1,440 சுற்று போகலாம். சுற்றுக்கு 1 வைத்தால், எந்த நாணயமானாலும் சரி, சராசரியாக மணிக்கு 58 போய்விடும். கட்டுப்பாடு இல்லாத தளத்தில் வேகம் இன்னும் கூடுதல். ஒரே ஸ்லாட்டைத் தயாரிப்பாளர்கள் 96, 94 என்று பல ஆர்டிபி வடிவங்களில் தருவதும் உண்டு. எதை வைப்பது என்பது கேசினோவின் விருப்பம். ஆட்டத்துக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். ரூலெட்டில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம், இரட்டைப் பூஜ்யத்தில் 5.26. தெரியாமல் இரண்டாவதில் உட்காருகிறவர்கள் எத்தனையோ பேர்.

போனஸையும் இதே கண்ணோடு பாருங்கள். 100 போனஸ், 35 மடங்கு வேஜரிங் என்றால் 3,500-க்கு ஆடிய பிறகுதான் பணத்தை எடுக்கலாம். 4 சதவீத வீதம் 3,500-க்கு 140. கொடுத்தது 100, சராசரியாகப் போகப்போவது 140. டெபாசிட்டும் போனஸும் சேர்ந்து 35 மடங்கு என்று சிறிய எழுத்தில் இருந்தால் இன்னும் மோசம். வரவேற்பு போனஸை வேண்டாம் என்று சொல்லும் பெட்டியைத் தேடி டிக் செய்யுங்கள். போனஸ் இல்லாத பணத்தை எடுப்பது பல மடங்கு சுலபம்.

பணம் எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எடுக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுத்த பிறகு, அது "நிலுவையில்" என்று ஓரிரு நாள் கிடக்கும். அதற்குள் ரத்து செய்து மறுபடி ஆடலாம் என்று பக்கத்திலேயே பொத்தான் இருக்கும். அந்தத் தாமதத்துக்கு எப்போதும் தொழில்நுட்பக் காரணம் இருப்பதாக நினைக்காதீர்கள். பிரிட்டன் இந்த ரத்து வசதியையே தடை செய்துவிட்டது. மற்ற இடங்களில் கோரிக்கை கொடுத்த கையோடு சாட்டில் போய் "ரத்து செய்ய முடியாதபடி லாக் செய்யுங்கள்" என்று கேளுங்கள். பல தளங்களில் செய்வார்கள், கேட்டால் மட்டும். அடையாள ஆவணங்களையும் ஆரம்பத்திலேயே கொடுத்துச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள்; டெபாசிட் செய்யும்போது எதுவும் கேட்காமல் எடுக்கும்போது மட்டும் ஆவணம் ஆவணமாகக் கேட்கும் தளம் இழுத்தடிக்கிறது என்று அர்த்தம். "வரி கட்டினால்தான் உங்கள் பரிசை விடுவிப்போம்" என்று முன்பணம் கேட்டால் அது மோசடி. ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

முதலில் சொல்லியிருக்க வேண்டிய சட்டம் பற்றி: நீங்கள் இருக்கும் நாட்டில் இது செல்லுமா என்று பாருங்கள். இந்தியாவில் 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கிருப்பவர்களுக்கு ஆன்லைன் கேசினோ நடத்தக் கூடாது. இப்படிப்பட்ட நாடுகளில் உங்கள் மொபைலில் திறக்கும் கேசினோ சட்டத்துக்கு வெளியே இயங்குவது. அங்கே லிமிட் பொத்தான் வேலை செய்யாவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது. மேலே சொன்ன வங்கித் தடையும் தடுப்பு மென்பொருளும் மட்டும்தான் அங்கே பொருந்தும். சட்டப்படி நடக்கும் நாடாக இருந்தால், தளத்தின் அடியில் போட்டிருக்கும் உரிம முத்திரையை நம்பாமல் அந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், பொதுப் பதிவேட்டில் நீங்கள் ஆடும் தளத்தின் முகவரி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரைப் படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். டெலிகிராமில் வரும் ஏஜென்ட், அவர் அனுப்பும் செயலிக் கோப்பு, இரண்டையும் தொடவே வேண்டாம்.

கை மீறிப் போகிறதா என்று சந்தேகம் இருந்தால், பிஜிஎஸ்ஐ என்று 9 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை பல நாடுகளில் பயன்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எட்டோ அதற்கு மேலோ வந்தால் தொழில்முறை உதவி தேவை. தாங்க முடியாத அளவு பணம் வைத்தீர்களா, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பப் போனீர்களா, ஆடக் கடன் வாங்கினீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். இதை மனவலிமை இல்லாததாக யாராவது சொன்னால், மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடு 2013-லேயே சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது என்று சொல்லுங்கள். சூதாட்டத்தை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1957-லிருந்து நடக்கின்றன, ஆன்லைனிலும் உண்டு.

இதைப் படிப்பது ஆடுகிறவரின் வீட்டாராக இருந்தால்: கடனை மொத்தமாக அடைத்துவிட்டு "இனி ஆடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் பூட்டுகளைப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள், அப்புறம் கடனைப் பேசலாம். வரிசை மாறினால் அடைத்த கடன் புதுக் கடனுக்கு இடம்விட்டதாகிவிடும்.

கடைசியாக ஒன்று, சாட்டில் திரும்பத் திரும்ப வந்த சந்தேகம். செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் போட்டால் கணக்கில் மிச்சமிருக்கும் பணம் போய்விடுமோ என்று பயந்து, அதை ஆடித் தீர்த்துவிட்டுப் பூட்டலாம் என்று நினைப்பார்கள். உரிமம் பெற்ற தளத்தில் அது உங்கள் பணம், திருப்பித் தருவார்கள். முதலில் பூட்டுங்கள், பிறகு மீதியைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.