அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் மதம் எதற்கு?

மதமும் அறிவியலும் ஒரே வேலைக்குப் போட்டி போடுகின்றன என்று நினைப்பதால்தான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. எங்கள் காவிரி டெல்டாவில் அப்படிப் போட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

ஆடிப்பெருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் எப்போது தண்ணீர் வரும் என்பதை அணையின் நீர்மட்டமும் கர்நாடகம் திறந்துவிடும் அளவும்தான் தீர்மானிக்கின்றன, அது குறுவை நெல் போடும் எல்லாருக்கும் அத்துப்படி. ஜூன் 12-ல் அணை திறப்பார்களா என்று செய்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்தான் ஆடி 18 அன்று படித்துறைக்குப் போய் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆறு காய்ந்த வருஷங்களில் குழாய்த் தண்ணீரை வைத்தாவது கும்பிட்டார்கள். கும்பிட்டால் தண்ணீர் வந்துவிடும் என்ற கணக்கு இதில் இல்லை. சோறு போடும் ஒன்றுக்கு நன்றி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பயத்துக்கும் அதே மாதிரிதான். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். டாக்டர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அந்த ராத்திரியைக் கடத்த வேண்டுமே, அப்போதுதான் நேர்ந்துகொள்கிறோம், வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ. எந்த மதத்துச் சாமி என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. நாகூர் தர்காவின் 131 அடி மினாரைக் கட்டிக் கொடுத்ததே தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங்தான்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். திருப்புன்கூர் கோயிலுக்குப் போனால் நந்தி விலகி இருப்பதைக் காட்டுவார்கள். தீண்டாமையால் உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற சிவபக்தர் நந்தனார் பார்க்கட்டும் என்று சிவன் நந்தியை நகரச் சொன்னாராம். கேட்கும்போது கண் கலங்கும். அப்புறம் யோசித்தால் கோபம் வரும், நந்தியை நகர்த்த முடிந்தவர் அந்த மனிதரை உள்ளே வரச் சொல்லியிருக்கலாமே. அதே நந்தனார் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். அந்த ஏக்கத்தை அவருக்குக் கொடுத்ததும் மதம்தான், தீ மூட்டச் சொன்னதும் மதம்தான். என் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன், ஆடிப்பெருக்குக்கும் அவளைப் படித்துறைக்குக் கூட்டிப் போகிறேன்.