கூலன்ட் குறைகிறதா? ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன்…

கேள்வி: என்னுடையது 2010 மாடல் சான்ட்ரோ, பெட்ரோல். பத்து நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. ஹீட்டும் ஆவதில்லை. மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி. அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எஞ்சினுக்குள் கசியலாம்.

தரையில் சொட்டு இல்லையென்றால் எஞ்சினுக்குள்தான் போகிறது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ரேடியேட்டரின் டேங்க் பகுதி பிளாஸ்டிக். வருடக்கணக்கான சூட்டில் அதில் மயிரிழை விரிசல் விழும். வண்டி சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால்தான் அந்த விரிசல் கசியும். கசிந்ததும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது தரை காய்ந்துதான் இருக்கும்.

ஆனால் தடம் மிஞ்சும். காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை, இங்கெல்லாம் வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருந்தால், கசிவு அங்கேதான். அப்படியே பக்கத்து சீட்டின் கால் மிதியையும் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் "ஏசி தண்ணி" என்பார்கள். ஏசி தண்ணீர் வெறும் தண்ணீர். கையில் வழவழவென்று ஒட்டி, இனிப்பு வாடை அடித்தால் அது ஹீட்டர் கோரிலிருந்து (டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்காக இருக்கும் குட்டி ரேடியேட்டர்) வரும் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 bar) காற்றை ஏற்றிக் கால் மணி நேரம் விடுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்காவிட்டால் மூடியைச் சந்தேகப்படுங்கள். ரப்பர் செத்துப்போன மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்காது, கூலன்ட் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். புது மூடி சில நூறு ரூபாய். அந்தச் சில நூறு ரூபாய்ச் சாமானைப் பார்க்காமலே ஹெட்டை இறக்கத் துணிகிறார்கள்!

காரணம் தெரிந்ததுதான். ஹெட்டை இறக்கினால் லேபர், லேத்தில் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்குவது), கேஸ்கெட் செட், அதோடு சேர்த்து டைமிங் பெல்ட் என்று பில் நீளும். எந்தச் சோதனையை வைத்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும் வழக்கமே நம் ஒர்க்‌ஷாப்புகளில் இல்லை. பெரிய சர்வீஸ் சென்டர்களும் விதிவிலக்கில்லை. கேளுங்கள். எழுதித் தராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து, அடியில் பால்போல் படிந்திருப்பதைக் காட்டி, ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், மழைக்காலத்தில், ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்களில் இது சாதாரணம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடியில் படிகிறது. துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். திரும்பப் படியாமல், டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயிலும் தெளிவாக இருந்தால் அந்தப் பாலை வைத்து ஹெட்டைத் தொட விடாதீர்கள். டிப் ஸ்டிக்கிலேயே காபி நிறத்தில் கலங்கியிருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, ஓட்டையை அடைக்கும் பவுடர். அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். பழைய வண்டி புரோக்கர்கள் விற்பதற்கு முன்னால் போடுகிற சாமான் அது. இன்னொன்று, "நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி வீசுவது. அப்புறம் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, மைலேஜ் விழும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

பிரஷர் டெஸ்டிலும் புது மூடியிலும் பதில் கிடைக்காவிட்டால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சு. அதற்கும் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். உங்கள் கண் முன்னால் மஞ்சளானால் ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். லேத்தில் மட்டம் பார்க்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள், கழற்றிய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதே வகைக் கூலன்ட், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். சூட்டோடு மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.