ஹவர் மீட்டரைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்: பழைய மீன்பிடி யாட்டில் குடியேற நினைப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே பழைய ஸ்போர்ட்ஃபிஷிங் யாட், அதாவது ஆழ்கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கக் கட்டிய சொகுசுப் படகு பற்றியவை. பாதிக்கு மேல் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள். துபாயிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்துவிட்டு, வாடகை வீட்டுக்குப் பதிலாகப் படகிலேயே குடியிருந்தால் என்ன என்று யோசிப்பவர்கள். யோசனை தப்பில்லை. நான் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தவன், அதனால் பதில்களில் எஞ்சின் வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: சார், ஃப்ளோரிடாவில் 1978 ஹாட்டராஸ் 53 அடி கன்வெர்ட்டிபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நானும் மனைவியும் மட்டும்தான். வருடம் முழுக்க அதிலேயே இருக்கலாமா? (டாம்பா, சொந்த ஊர் ஆத்தூர்)

பதில்: இருக்கலாம், நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஹாட்டராஸின் ஃபைபர் கனம், கட்டு உறுதி. கம்பெனி 1959இல் தொடங்கியதே மரப்படகு ஓடிய கடலில் பெரிய ஃபைபர் படகு ஓடுமா என்று பார்க்கத்தான். டீசல் டாங்க்கூட ஃபைபர், அதனால் அலுமினிய டாங்க் அரித்து ஒழுகும் தொல்லை உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கன்வெர்ட்டிபிள் என்பது மீன் பிடிக்கக் கட்டிய படகு. பின்பக்கம் காக்பிட் (மீன் பிடிக்கும் திறந்த தளம்) கணிசமான நீளத்தைத் தின்றுவிடும், அங்கே நீங்கள் தூங்க முடியாது. ஹாலுக்கு அடியிலேயே இரண்டு பெரிய டீசல். இந்த வகையில் பல படகுகளில் முன் கண்ணாடியை ஃபைபரால் அடைத்திருப்பார்கள். பகலிலும் லைட் போட வேண்டும், ஏ.சி. ஓடியே ஆக வேண்டும். அதே காசுக்கு அதே நீளத்தில் ஒரு டிராலரோ (மெதுவாக ஓடும், குடியிருக்க வசதியான படகு), பின்கேபின் உள்ள மோட்டார் யாட்டோ கிடைத்தால் அலமாரி இரண்டு மடங்கு இருக்கும். வாரம் ஒருமுறையாவது ஆழ்கடலுக்குத் தூண்டிலோடு போவேன் என்றால் கன்வெர்ட்டிபிள் எடுங்கள். இல்லையென்றால் ஓட்டாத எஞ்சினுக்குப் பராமரிப்புக் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: நல்ல செகண்ட்ஹேண்ட் யாட் எது, என்ன விலை வரும்? (சேலம்)

பதில்: எத்தனை அடி, எந்த நாட்டில், கையில் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எதுவுமே எழுதவில்லை. ஐந்து ரோடு பக்கம் போய் “வீடு என்ன விலை” என்று கேட்பீர்களா? நான்கையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: பழைய பெர்ட்ராம் 31, பெட்ரோல் எஞ்சின். நான் ஒருவன்தான், தங்கலாமா?

பதில்: வேண்டாம். ஓடுவதற்கு அருமையான படகு. 1960 மயாமி–நசாவ் பந்தயத்தில் பெயர் வாங்கிய ஹல் (படகின் உடல்) அது. ஆனால் பெட்ரோல் ஆவி பில்ஜில் (படகின் அடித்தளப் பள்ளத்தில்) தேங்கும், ஒரு பொறி போதும். தினமும் அதன் மேலேயே படுத்துத் தூங்க டீசல்தான் சரி. டீசல் படகிலும் ஒவ்வொரு கேபினிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் அந்த வாயு ராத்திரியில் உள்ளே வந்தால் மூக்குக்குத் தெரியாது.

கேள்வி: சார், எங்களுக்கு லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் உண்டு. கம்ப்ரசர் வாங்கினால் ஹவர் மீட்டர் பார்த்துத்தான் விலை பேசுவோம். இப்போது தம்பி அமெரிக்காவில் பார்த்திருக்கும் 1990 படகில் இரண்டு எஞ்சினும் 600 மணிநேரம்தான் ஓடியிருக்கிறதாம். இன்னொன்று 1,900 மணிநேரம், அது விலையும் குறைவு. 600 படகுக்கு முன்பணம் கட்டச் சொல்லிவிட்டேன். சரிதானே? (சங்ககிரி)

பதில்: சரியில்லை. இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி இதே கேள்வி வருகிறது, அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

35 வருடத்தில் 600 மணிநேரம் என்றால் வருடத்துக்குச் சுமார் 17 மணிநேரம். மீதி நாளெல்லாம் அந்த எஞ்சின் உப்புக்காற்றில் சும்மா நின்றிருக்கிறது. உங்கள் ரிக் வண்டி எஞ்சினில் ரேடியேட்டர், காற்று, நல்ல தண்ணீர். படகு எஞ்சினில் ஒரு பக்கம் கடல்தண்ணீர் உள்ளே வந்து போகிறது. எக்ஸாஸ்ட் குழாய் வழியாக ஈரமான உப்புக்காற்று, வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் இறங்கும். ரிங், லைனரோடு (சிலிண்டரின் உட்குழாயோடு) துருப்பிடித்து ஒட்டும். கடல்தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஒரே வளைவில் இறுகி, ஓட ஆரம்பித்ததும் இதழ் உதிரும். உதிர்ந்த துண்டு கூலரில் போய் அடைக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கடல்தண்ணீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரில் அலுமினியமும் செம்பும் உப்புத்தண்ணீரில் சேர்ந்து உட்கார்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அது ஓட்டையாகிக் கடல்தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் எஞ்சின் அன்றோடு முடிந்தது. டாங்கில் கிடக்கும் பழைய டீசலில் தண்ணீர் சேர்ந்து, கிருமி வளர்ந்து, கறுப்புச் சேறாகும். இதில் ஒன்றுகூட ஹவர் மீட்டரில் தெரியாது. போதாததற்கு மீட்டரையே மாற்றியிருக்கலாம், மாற்றிய தேதியை எழுதிவைத்தவர்கள் குறைவு.

1,900 மணிநேரப் படகை நேரில் பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டேன். அது என்ன எஞ்சின் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். டெட்ராய்ட் 8வி92ஐ அதிக குதிரைசக்திக்கு முறுக்கியிருந்தால் 1,500, 2,000 மணிநேரத்திலேயே ஓவர்ஹால் கேட்கும். கேட்டர்பில்லர் 3208 என்றால் அதில் லைனரே கிடையாது, பிளாக்கிலேயே சிலிண்டர். தேய்ந்தால் லைனர் மாற்றுவது போல எளிதில் முடியாது, சிலிண்டரையே குடைந்து பெரிதாக்க (போர் பண்ண) வேண்டும். பலர் எஞ்சினையே மாற்றிவிடுவார்கள். இப்படி ஓவர்ஹால் என்று இறங்கினால் ஒரு எஞ்சினுக்கே பல பத்தாயிரம் டாலர். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் படகுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள். முதலில், பில் ஃபைலைக் கேட்கட்டும்: எண்ணெய் எப்போது மாற்றினார்கள், ஆஃப்டர்கூலரை எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார்கள், எண்ணெய்ப் பரிசோதனை ரிப்போர்ட் வருடாவருடம் இருக்கிறதா. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அதிகம் சொல்ல முடியாது. வரிசையாக இருந்தால் தேய்மானம் எங்கே போகிறது என்று தெரியும். அதில் சோடியம் காட்டினால் உப்புத்தண்ணீர் உள்ளே வருகிறதா என்று உடனே தேட வேண்டும்.

அப்புறம், பார்க்கப் போகும் அன்று எஞ்சின் பிளாக்கில் கை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் தம்பி வருமுன்பே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள், மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடட்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எவ்வளவு நேரம் வெள்ளைப்புகை வருகிறது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. அதன்பின் கடலில் முழு த்ராட்டில். 2,300 ஆர்.பி.எம். வரை சுற்ற வேண்டிய எஞ்சின் 2,100இலேயே நின்றுவிட்டால் ப்ரொப்பெல்லர் பெரிசு, அல்லது அடியில் சிப்பி, அல்லது எஞ்சினில் மூச்சில்லை. மூன்றில் எது என்று தெரியும்வரை கையெழுத்து கூடாது. கறுப்புப்புகை என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது.

இதில் முழு முடிவை நீங்களே எடுக்க முடியாது, தம்பியாலும் முடியாது. எஞ்சின் சர்வேயர் என்று தனியாக ஒருவர் உண்டு, ஹல் சர்வே செய்பவர் வேறு. இரண்டு பேரும் வேண்டும். விற்பவரோ அவருடைய புரோக்கரோ “நமக்குத் தெரிந்தவர்தான்” என்று காட்டும் ஆள் வேண்டவே வேண்டாம். எஸ்.ஏ.எம்.எஸ். அல்லது என்.ஏ.எம்.எஸ். என்ற அமெரிக்க சர்வேயர் சங்கங்களின் உறுப்பினராக நீங்களே தேடிப் பிடியுங்கள். முன்பணத்தைப் பற்றி: “சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தி என்றால்தான்” என்ற நிபந்தனையை எழுத்தில் போடாமல் கட்டியிருந்தால் இன்றைக்கே போன் செய்து அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேட்டூர் அணையில் நிறுத்தி வைக்கலாமா?

பதில்: முடியாது. மேட்டூருக்கு ஆற்று வழியாகவும் வராது, ரோடு வழியாகவும் 16 அடி அகலப் படகைக் கொண்டுவருவது ஆகாத வேலை. வந்தாலும் அது குடிநீர், பாசன அணை.

கேள்வி: அப்படியானால் கொச்சிக்குக் கொண்டுவரலாமா? படகு நிறுத்தும் மரினா இருக்கிறதே. அமெரிக்கப் படகில் கரண்ட் ஒத்துவருமா? (ஓமலூர்)

பதில்: போல்காட்டியில் மரினா இருக்கிறது, அளவில் சின்னது. முதலில் இடம் உறுதி செய்யுங்கள், சுங்க வரிக்கு ஏஜென்ட்டைக் கேளுங்கள், அதற்கப்புறம் படகு.

கரண்ட் பற்றி நல்ல கேள்வி. வோல்டேஜை ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து மாற்றிவிடலாம். ஹெர்ட்ஸ் மாறாது. அமெரிக்கா 60, நம் ஊர் 50. 60க்குக் கட்டிய ஏ.சி. கம்ப்ரசர் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடேறும், சீக்கிரம் போகும். ஒவ்வொரு மோட்டாரின் பெயர்த்தகட்டையும் படியுங்கள். 50/60 என்று இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் ஏ.சி.யை மாற்றும் செலவையும் விலைப்பேச்சில் கழியுங்கள்.

கேள்வி: சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை நன்றாகச் செய்வார்கள். படகுக்கு வேண்டிய கம்பி, போல்ட், பைப் எல்லாம் இங்கேயே செய்து எடுத்துப்போகலாமா?

பதில்: கைப்பிடிக் கம்பி செய்யலாம், 316 கிரேடு என்று சொல்லிச் செய்யுங்கள். பாத்திரத்துக்கும் கேட்டுக்கும் போடும் 304 கடலில் சில மாதத்திலேயே பழுப்புக் கறை விடும். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதுதான். மேலே தெரியும் இடத்துக்கு இதுவே போதும்.

தண்ணீர்மட்டத்துக்குக் கீழே கை வைக்காதீர்கள். காற்றுப்படாத இடுக்கில் 316கூட உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். அங்கே வெண்கல சீகாக் (கடல்தண்ணீர் வழியை அடைக்கும் வால்வு)தான். பழைய படகில் யாரோ வீட்டுக்குப் போடும் பித்தளை கேட் வால்வை மாட்டியிருந்தால் அதைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் போய் இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது, மிச்சம் இருப்பது பஞ்சுபோன்ற செம்பு. காலால் தட்டினால் உடையும், உடைந்தால் படகு மூழ்கும். இதைப் பார்த்த அன்றே மாற்ற வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருப்பதால் ஈரம் பழகிவிட்டது. படகில் ஈரம் எந்த அளவு இருக்கும்? (ஏற்காடு)

பதில்: ஐப்பசியில் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட் பங்களாவைத் திறந்தால் எப்படியோ, அப்படி. துணி பூக்கும், மெத்தைக்கு அடியில் கறுப்பாகும். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், அலமாரிக்குள் மூக்கை விட்டு முகருங்கள். புது பெயின்ட் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் வந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஈரம் கண்ணுக்குத் தெரியாதது. டெக்கில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா மரம் வைத்திருப்பார்கள். யாரோ ஒரு கொக்கியைத் திருகிவிட்டு சீலன்ட் போடாமல் போனால் அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி மரம் சோறாகும். சர்வேயர் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். ‘டக் டக்’ என்பது ‘தொப் தொப்’ என்று மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் ஒன்றிரண்டு என்றால் பேரம் பேசலாம், டெக் முழுக்க வட்டம் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அடியில் ஃபைபரில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மேல்தோல் விஷயம்தான்.

கேள்வி: டீசல் எவ்வளவு குடிக்கும்?

பதில்: 50 அடிப் படகு 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் மணிக்குச் சுமார் 200 லிட்டர். 8, 9 நாட் வேகத்தில் மெதுவாகப் போனால் 40 லிட்டருக்குள் அடங்கும். மெதுவாகவே போகிறவர்கள் கடைசிப் பத்து நிமிடம் கொஞ்சம் விரட்டி ஓட்டி எஞ்சினுக்குள் சேர்ந்த கரியை எரித்துவிடுங்கள். ஜெனரேட்டருக்கும் இதே கதைதான், ஒரு பல்புக்காக அதை மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். பாதுகாப்பா, சார்? (அபுதாபி, சொந்த ஊர் வாழப்பாடி)

பதில்: அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த வகைப் படகின் பக்கவாட்டு நடைபாதை ஒரு அடி அகலம்தான், பலவற்றில் பிடிக்கக் கம்பி கிடையாது. மீனை இழுத்துப்போட வசதியாகக் காக்பிட் சுவர் தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும். ஃப்ளைபிரிட்ஜுக்கு (மேலே உள்ள ஓட்டும் தளத்துக்கு) செங்குத்து ஏணி. நங்கூரத்தில் நிற்கும்போது ஆட்டமும் அதிகம், மேலே டூனா டவர் (மீன் இருக்கும் இடத்தைப் பார்க்கும் உயரக் கோபுரம்) இருந்தால் இன்னும் அதிகம். கம்பி அடித்து வலை கட்டலாம், வெளியே வரும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட் என்று பழக்கலாம், ஏணிக்குக் கதவு போடலாம். இத்தனையும் செய்வதைவிட, சுற்றிலும் உயரமான கம்பி உள்ள டிராலரை எடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஸ்போர்ட்ஃபிஷை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: புயல் சீசனில் என்ன செய்வது?

பதில்: அட்லான்டிக் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் படகு எங்கே இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் மரினா ஒப்பந்தம் போடாதீர்கள். பழைய படகுக்கு சர்வே ரிப்போர்ட் இல்லாமல் இன்ஷூரன்ஸ் கிடைப்பதே கஷ்டம். எல்லா மரினாவும் குடியிருக்க விடாது என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: நேரில் போகாமல் வீடியோவில் பார்த்தே வாங்கிவிட்டால் விமானச் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சமில்லை. சங்ககிரிக்காரருக்கு எழுதியதை நீங்களும் படியுங்கள். ஹல் சர்வேக்கு அடிக்கு 25, 30 டாலர், எஞ்சின் சர்வேக்குத் தனி, படகைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்குத் தனி. இந்தச் செலவை எல்லாம் செய்துவிட்டு அந்த நாளில் நீங்கள் அங்கே இல்லாமல் இருப்பது எப்படி? சர்வேயரோடு காலையிலிருந்து சாயங்காலம்வரை கூடவே நில்லுங்கள், அவர் ரிப்போர்ட்டில் எழுதாததையும் வாயால் சொல்வார். அன்றைக்கு மழை என்றால் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், எந்த ஜன்னல் ஒழுகுகிறது என்று கையோடு தெரிந்துவிடும்.