ஜப்பானிய ஆடம்பரப் புகைப்படப் புத்தகங்களின் வடிவமைப்பில் அப்படி என்ன இருக்கிறது?

தடித்த தாள், நல்ல அச்சு, அழகான பெட்டி. இதைத் தாண்டி அந்த விலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தக லேஅவுட்தான் என் பிழைப்பு. தாளும் பெட்டியும் காசிருந்தால் யாருக்கும் கிடைக்கும். புரட்டுகிறவர் கைக்கு வேலை வைக்கத் தெரிய வேண்டும். அதில் அவர்கள் கில்லாடிகள்.

புகைப்படக்காரர் கவாடா கிகுஜியின் 'சிஸு' (நம்ம சிசு இல்லை, வரைபடம் என்று பொருள்) ஒன்றே போதும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சரியாக 20 ஆண்டு கழித்து, 1965 ஆகஸ்ட் 6 அன்று வெளிவந்தது. வடிவமைத்தவர் சுகியுரா கோஹெய். நான் பார்த்தது மறுபதிப்புதான். பிரித்தால் சாதாரண இரண்டு பக்கம் போலத்தான் தெரியும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இரு பக்கமும் வெளியே விரிந்து நான்கு பக்க அகலமாகிறது. இந்த மடிப்புக்கு அங்கே 'கன்னோன் பிராக்கி' என்று பெயர். கன்னோன் என்ற பௌத்த தெய்வத்தின் சன்னிதிக் கதவு நடுவில் பிளந்து இருபுறமும் திறப்பது போல. குண்டுக்குத் தப்பி நின்ற கட்டடத்தின் கறை படிந்த சுவர், நசுங்கிய லக்கி ஸ்டிரைக் சிகரெட் பாக்கெட், நனைந்து சுருங்கிய ஜப்பானியக் கொடி, தற்கொலைப் படை விமானிகளின் முகங்கள். ஒவ்வொரு தடவையும் கதவை நீங்களேதான் திறக்க வேண்டும். அவசரமாகப் புரட்ட வழியே இல்லை.

இந்த மடிப்பு லேசுப்பட்டதில்லை. ஒரு கல்யாண ஆல்பத்தில் ஒரே ஒரு இடத்தில் முயன்றேன். மடிப்பு சரியாகப் புத்தக ஓரத்தை வெட்டும் கட்டிங் கோட்டிலேயே விழ, கத்தி அதைச் சீவிவிட்டது. மணமக்கள் உதிரித் தாளாகக் கையில் வந்தார்கள். "மடிப்பை ரெண்டு மூணு மில்லி உள்ளே தள்ளி வெச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றார் பைண்டர். சுகியுரா ஒரு புத்தகம் முழுக்க அதைச் செய்திருக்கிறார்!

அப்புறம் அந்தப் படங்களின் கறுப்பு. அந்தக் காலத்தில் கிராவூர் அச்சு. படத்தைச் சின்னச் சின்னக் குழிகளாக உருளையில் செதுக்கி, அதில் மை நிரப்பி அச்சிடும் முறை அது. குழி ஆழமாக இருந்தால் மை கூடுதலாக இறங்கும். அதனால் நிழல் பகுதி பளபளக்காமல் வெல்வெட் மாதிரி இருக்கும்.

எல்லாரும் ஆடம்பரத்தைத்தான் தேடினார்கள் என்றும் இல்லை. நிலக்கரிச் சுரங்க ஊர்க் குழந்தைகளைப் படமெடுத்த டோமோன் கென், 1960இல் அதை மட்டமான தாளில் அச்சிட்டு 100 யென்னுக்கு விற்றார். அந்தப் படங்களுக்குப் பட்டுத்துணி அட்டை போட்டிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும்.

நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால், கணினியைத் தொடும் முன் வெள்ளைத் தாளில் டம்மி (மாதிரிப் புத்தகம்) கட்டிப் பாருங்கள். கவாடா முதலில் செய்த டம்மியே இரண்டு பாகம்; இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அச்சுக்குப் போனது ஒரே புத்தகம்.