லொறிக் கூரையில் காற்றுத் தட்டு: டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: பரந்தனிலிருந்து தம்புள்ளைக்குக் கூடு அடித்த லொறியில் மரக்கறி ஏற்றுகிறேன். கூடு கபினைவிட இரண்டரை அடி உயரம். கூரையில் எயார் டிப்ளெக்டர் (காற்றை மேலே திருப்பிவிடும் சரிவான தட்டு) பூட்டினால் டீசல் மிச்சம் வருமா?
- வாசகர், பரந்தன்

பதில்: உங்கள் லொறிக்கு வரும். கபினுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டரை அடிச் சுவரில்தான் காற்று நேராக மோதுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். ஆகவே ஏ9 வீதியில் 60இல் ஓடும்போதுதான் பலன் தெரியும். கிரவல் ஒழுங்கையில் 20இல் ஊரும்போது தட்டு வெறும் பாரம். சோளகக் காலத்தில் தெற்கே போகிறீர்கள், எதிர்க்காற்று 20 என்று வையுங்கள்: 60இல் ஓடும் லொறி 80இன் காற்றை முட்டுகிறது. தடை ஏறத்தாழ 1.8 மடங்கு.

பலரும் பிழை விடுவது உயரத்தில். தட்டைக் கூட்டின் உயரத்துக்கே தூக்க வேண்டியதில்லை. அதன் சரிவு வழியே நூல் பிடியுங்கள்; நூல் கூட்டின் முன் மேல்விளிம்பை ஒட்டிப் போகவேண்டும். பிறகு முன்சுவரைக் கழுவிவிட்டு ஓர் இரவு ஓட்டம் போய்வந்து பாருங்கள். பூச்சி அடித்த தடம் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இருந்தால் சரி. சுவரின் நடுவில் இருந்தால் தட்டு தாழ்வு, நிமிர்த்துங்கள். ஒரு பூச்சியும் இல்லையென்றால் அநேகமாகத் தட்டு அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்திருக்கிறது. அதுவே புதுத் தடை.

வெறும் கூரைத் தகரத்தில் போல்ட் போடவே வேண்டாம். அதிர்வில் ஓட்டை பெருத்துத் தகரம் கிழியும், மாரியில் கபினுக்குள் ஒழுகும். உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடித்து, அகன்ற வாசரும் றப்பரும் வைத்து லொக் நட்டால் இறுக்குங்கள். 100 கிலோமீற்றர் ஓடியபின் கட்டாயம் மறுபடி இறுக்கவேண்டும்; கழன்று பறந்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிருக்கே ஆபத்து.

மிச்சத்தை அளக்க, பூட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பாரத்தோடு, ஒரே வேகத்தில், போக வர இரண்டு வழியும் ஓடி, டாங்கியை அதே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்கெடுங்கள். ஒருவழிக் கணக்கில் காற்று ஏமாற்றிவிடும். ரயர் காற்றும் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: பிக்கப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓடினால் காற்று இலகுவாகப் போகாதா?
- வாசகர், மாங்குளம்

பதில்: மூடியே ஓடுங்கள். பின்கதவு மூடியிருந்தால் பிக்கப்பின் சாமான் பெட்டிக்குள் காற்று சுழன்று தங்கிவிடும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்து தடை கூடும். படங்கை இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது, படபடக்க விடக்கூடாது.